மூன்றாவது ஹேண்டில்பார்

முதல் ஹேண்டில்பார் தாழ்வாக இருக்கிறது என்றான். அது வண்டியோடு வந்தது. அதை வைத்துக்கொண்டுதான் அவனும் மனைவியும் எத்தனையோ மலைப்பாதைகளை ஏறி இறங்கியிருந்தார்கள். இரண்டாவது அகலம் போதவில்லை, தோளைக் குறுக்குகிறது என்றான். அதை மாட்டி ரொம்ப நாள் ஆகவில்லை. இப்போது மூன்றாவதைத் தேர்ந்தெடுக்க உதிரிபாகக் கடையில் நின்றுகொண்டிருந்தார்கள்: அவன், அவன் மனைவி, பைக் பட்டறை வைத்திருக்கும் அவளுடைய அண்ணன்.

அடுத்த வாரம் விடுமுறை. கடலோரச் சாலை முடியும் இடம் வரை போவதாகத் திட்டம். பின்சீட்டில் வழக்கம்போல அவள். அதனால்தான் அவள் கம்பிகளைப் பார்க்காமல் அவனுடைய இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாளாக அவன் சட்டைப் பொத்தானை ஒரு கையாலேயே போடுகிறான். இறுகிய டப்பா ஒன்றைத் திறக்கச் சொன்னால், 'இரு, வரேன்' என்று அடுத்த அறைக்குப் போய்விடுகிறான். கேட்டால், பழைய ஹேண்டில்பார் கொடுத்த வலி என்பான். கம்பியை மாற்றினால் போகிற வலிதானா அது? அது தெரியாமல் அவ்வளவு தூரம் அவன் பின்னால் உட்கார முடியாது. உட்கார மாட்டேன் என்று சொல்லவும் அவளுக்கு வாய் வரவில்லை.

கடைச்சுவர் முழுக்க ஹேண்டில்பார்கள், எங்கோ பனிக்காட்டில் திரிந்த பெரிய விலங்குகளின் கொம்புகளைப்போலத் தொங்கின. அண்ணன் ஒன்றை இறக்கினார்.

"இது எப்படி மாப்ள?"

"ரொம்ப மேல வருது மச்சான். கும்பிடு போட்ட மாதிரியே ஓட்டணும்."

"போட்டா என்ன? நீ ஓட்டுற ஓட்டுக்கு, பின்னாடி என் தங்கச்சி அதைத்தான் பண்ணிட்டு வரா."

அவள் சிரித்தாள். அவர் இன்னொன்றை நீட்டினார்.

"வளைவு சரியில்ல."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

கடைக்காரர்கூடச் சிரித்துவிட்டார். அவன் சிரிக்கவில்லை. இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு அடுத்த வரிசைக்கு நகர்ந்தான்.

கடைசியில், உட்கார்ந்திருப்பவனின் மடியைத் தேடி வருவதுபோல் நன்றாகப் பின்னால் வளைந்த ஒரு கறுப்புக் கம்பி அவனுக்குப் பிடித்தது. இந்த உயரத்துக்குப் பழைய கிளட்ச் கேபிள் எட்டாது என்று கடைக்காரர் நீளமான கேபிள் ஒன்றையும் எடுத்துக் கொடுத்தார்.

பட்டறை அண்ணன் வீட்டின் கீழ்த்தளம். கிரிப்புக்கும் கம்பிக்கும் நடுவே சோப்புத் தண்ணீரை விட்டு, ரப்பரை முறுக்கி உருவினார். ஸ்விட்சுகளும் லீவர்களும் ஒயர்களில் தொங்கின. பழைய கம்பியைத் தூக்கி எடுத்ததும், கண்ணாடியைக் கழற்றிய முகத்தைப்போல் வண்டி திருதிருவென்று விழித்தது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவனின் மனைவிக்கு அப்படித்தான் தோன்றியது.

புதிய கம்பியை இறுக்குவதற்கு முன்னால் அண்ணன் ஒரு வேலை செய்வார். ஆளை வண்டியில் உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி, துடைப்பக் கட்டை ஒன்றை இரண்டு கையிலும் கொடுப்பார். எந்த இடத்தில் கை தானாக நிற்கிறதோ அந்த இடத்துக்குக் கம்பி வர வேண்டும்.

அவன் கண்ணை மூடி, கட்டையை நீட்டிப் பிடித்தான். இடது முனை சரிந்து கீழே போனது.

"கையத் தளர்த்தி, இன்னொரு தடவை."

மறுபடியும் சரிந்தது. அவன் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. நேராகப் பிடித்திருப்பதாகவே அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

அண்ணன் தங்கையைப் பார்த்தார். பிறகு கட்டையை மெதுவாக அவன் கையிலிருந்து வாங்கினார்.

"கட்டையே கோணல் மாப்ள. நான் கண்ணாலயே பார்த்து வச்சிடறேன்."

இந்த முறை அவர் குரலில் கேலி இல்லை.

கம்பியைத் தாங்கியில் உட்காரவைத்து, முன் போல்ட்டில் ஒரு திருகு, பின் போல்ட்டில் ஒரு திருகு என்று மாற்றி மாற்றி இறுக்கினார். இடமும் வலமும் கடைசிவரை திருப்பி, கேபிள் எங்கும் இழுபடவில்லை என்று உறுதி செய்துகொண்டார்.

"கிளட்சைப் பிடிச்சுப் பாரு."

அவன் இடது கையால் பிடித்தான். லீவர் பாதி வழி போய் நின்றது.

"கேபிள் டைட்டா இருக்கு மச்சான்."

அண்ணன் தளர்த்தி, எண்ணெய் விட்டார்.

"இப்பவும் டைட்டாதான் இருக்கு."

அண்ணன் அவன் பார்வையை முதுகால் மறைத்து நின்றுகொண்டு, இரண்டே விரலால் லீவரை இழுத்தார். அது வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் கடைசிவரை போனது. அவன் பார்க்கவில்லை. அவள் பார்த்தாள்.

"புதுசுல்ல, பழகினா இளகிடும்" என்றார்.

அவளுக்கு இருவர்மேலும் கோபம் வந்தது. ஒன்றும் அறியாத ஒரு கேபிளின் தலையில் எல்லாவற்றையும் கட்டுகிறார்கள்.

"ஒரு ரவுண்டு போயிட்டு வரேன்." அவன் வண்டியை வாசலைத் தாண்டி இறக்கி, என்ஜினைக் கிளப்பினான்.

"இன்னிக்கே என்ன அவசரம்?" என்றார் அண்ணன், யாரையும் பார்க்காமல்.

அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பின்சீட்டில் ஏறினாள்.

"நீ எதுக்கு? தெரு முனை வரைக்கும்தான்."

"அடுத்த வாரம் நான் நடந்தா வரப்போறேன்? போங்க."

வாசலுக்கு வெளியே தெரு சரிந்து, பேருந்துகள் போகும் பெரிய சாலையில் முடிந்தது. அவன் முழுக் கையாலும் லீவரை இழுத்தான், உள்ளங்கை தேய, தோள் ஏற. காலால் முதல் கியரைப் போட்டான். தோளுக்கு மேலாக அவள் எட்டிப் பார்த்தாள். விரல்கள் வெளுத்திருந்தன. லீவர் அவனிடம் கேட்காமலே கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. வண்டி ஒரு விரற்கடை முன்னால் நகர்ந்தது. இன்னும் ஒரு விரற்கடை. கீழே ஒரு பேருந்து ஹாரன் அடித்தபடி கடந்தது. ஆனாலும் அவள், அவன் இடுப்பைப் பிடித்திருந்த கையை எடுக்கவில்லை, இறங்குகிறேன் என்று சொல்லவும் இல்லை.

அவன் வலது கட்டைவிரலால் சிவப்புப் பொத்தானை அழுத்தினான். என்ஜின் அடங்கியது.

"தனியா இருந்தா போயிருப்பேன்" என்றான்.

"தெரியும்."

வீடு மாறியது, அவள் வேலையை விட்டது, குழந்தைக்காக இனி அலைய வேண்டாம் என்று முடிவு செய்தது எல்லாவற்றையும் அவர்கள் இப்படி உட்கார்ந்துதான் பேசியிருந்தார்கள். அவன் சாலையைப் பார்த்துக்கொண்டு, அவள் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு.

"எப்பலேர்ந்து?"

"கடையில கண்ணாடி மாட்டும்போது ஸ்க்ரூ நழுவ ஆரம்பிச்சுது. ஸ்க்ரூடிரைவரை மாத்தினேன். அப்புறம் வெளிச்சம் பத்தலன்னு மேஜையை ஜன்னல் பக்கம் போட்டேன். இப்ப ஸ்க்ரூ வேலையெல்லாம் பக்கத்துல இருக்கிறவன்தான் பண்றான்."

"வலிக்குதா?"

"வலிச்சாதான் பரவாயில்லையே. சில நேரம் கை இருக்கிறதே தெரியல."

அவள் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். நாளைக்கு யாரிடம் போவது, என்ன சொல்வார்கள், சொன்னபின் என்ன ஆகும். ஒன்றும் அவளுக்குப் பிடிபடவில்லை.

பட்டறை வாசலில் அண்ணன் ஸ்பேனரோடு வந்து நின்றார்.

"என்னாச்சு, நின்னுடுச்சா? கேபிளைப் பார்க்கட்டுமா?"

"கேபிள் நல்லாத்தான் இருக்குண்ணா" என்றாள் அவள்.

இல்லை, டைட்டாக இருக்கிறது என்று அவன் சொல்லவில்லை. அண்ணன் ஸ்பேனரைத் தரையில் வைத்துவிட்டு, வண்டியை உள்ளே இழுக்க இறங்கி வந்தார். அவர் வந்து பின்னால் கை வைத்த பிறகும் இருவரும் இறங்கவில்லை.