இரண்டு ஆட்டம் முடிந்த நிலையில்

கிறகரிக்குத் தெரியாத விளையாட்டு உலகத்தில் இல்லை. கண்டி நித்தவளை மைதானத்தில் ரகர் என்கிற ரக்பிப் பருவம் தொடங்கி முதல் ஆட்டம் முடிந்த கையோடு, கிண்ணம் யாருக்கு என்று அறிவித்துவிடுவார். கிண்ணம் அவர் பேச்சை மதிக்காமல் வேறெங்காவது போய்ச் சேரும். அது மத்தியஸ்தரின் குற்றம்.

இப்பேர்ப்பட்ட மேதைக்கு அமெரிக்க ஃபுட்போல் என்று ஒன்று இருப்பது போன மாதம்தான் தெரியவந்தது. வத்தேகம ஊர் பஸ்தியாம்பிள்ளை, பிலடெல்பியாவில் வேலை பார்க்கும் தன் அண்ணன் மகன் ஜெறாட்டுக்குக் கிறகரியின் மகள் பெற்றீசியாவைக் கேட்டு ஃபோன் எடுத்தார்.

"பையன் பூசைக்குப் போவாரா?"

"ஞாயித்துக்கிழம தவறாது. பூச முடிஞ்சா அந்த ஊரு ஃபுட்போல், அது ஒன்னுதான் பைத்தியம். மத்தபடி தங்கம்."

இரண்டாவது ஃபோனில் கிறகரி வார்த்தை கொடுத்துவிட்டார். டிசம்பரில் நத்தார் முடிந்ததும் கல்யாணம் என்று பங்குத்தந்தையிடமும் சொல்லியாகிவிட்டது. எல்லாம் முடிந்த பிறகு பெற்றீசியாவிடமும் சொன்னார்கள். அவள் ஒன்றும் பேசவில்லை. மௌனம் சம்மதம் என்று கிறகரி எடுத்துக்கொண்டார். அவர் மனைவி மேபலுக்கு மட்டும் மகளின் அந்த மௌனம் பிடிக்கவில்லை; ஆனால் அந்த வீட்டில் மேபலை யார் கேட்டார்கள்?

கிறகரியைச் சும்மா திட்டவும் மனம் வரவில்லை. மகளுக்கு முப்பது நெருங்குகிறது. பேசிவந்த இடங்கள் ஒவ்வொன்றாகத் தட்டிப்போயின. இதுவும் போய்விட்டால் என்று பயந்தார். அதனால்தான் மாப்பிள்ளையை மடக்க அந்த விளையாட்டையே படிக்க இறங்கினார்.

பருவம் தொடங்கி இரண்டே ஆட்டம் முடிந்திருந்தது. கிறகரிக்கு அது போதும். ஜெறாட் இருப்பது பிலடெல்பியா என்றால் அவனுடைய அணி பிலடெல்பியாவின் பச்சைச் சட்டைதான். கண்டிக்காரன் கண்டிக்குத்தானே கை தட்டுவான்? அதே பிரிவில் டல்லஸ், நியூயோர்க், வாஷிங்டன் என்று மூன்று எதிரிகள். மூன்று பேரின் குலம் கோத்திரம், முழங்கால் வலி வரை கொம்பியூட்டரில் தேடிப் பிடித்தார். ரகரில் குற்றமான மாதிரி பந்தை முன்னால் எறிகிறார்களே, விசில் அடிக்க ஆள் இல்லையா என்று இரண்டு நாள் கோபப்பட்டார். பிறகு மாப்பிள்ளைக்காக அதையும் மன்னித்தார்.

ஞாயிறு மாலை ஸ்கைப்பில் பெண் பார்க்கும் படலம். அங்கே அப்போது காலை. கதிரைமேல் கொம்பியூட்டர் வீற்றிருந்தது. பெற்றீசியா சேலை கட்டித் தட்டில் தேத்தண்ணி கொண்டுவந்து, முறைப்படி கொம்பியூட்டருக்கு முன்னால் நீட்டினாள். கொம்பியூட்டர் குடிக்கவில்லை. பக்கத்தில் இருந்த பஸ்தியாம்பிள்ளை எடுத்துக் குடித்தார்.

வணக்கம் முடிந்ததும் கிறகரி களத்தில் இறங்கினார்.

"தம்பி, இந்த வருசம் ஒங்க பச்ச சட்டதான். நியூயோர்க்குக்கு முன்வரிசை கிடையாது. வாஷிங்டன் பாவம், விட்ருவோம். டல்லஸ் இருக்கே, தொப்பியில நட்சத்திரம் ஒட்டிட்டா ஆச்சா? வெறும் படாடோபம். ரெண்டு மெச் பாத்தாச்சு. ஒரு பான சோத்துக்கு ஒரு சோறு பதம்."

ஜெறாட் தலையைச் சொறிந்தான். மெல்ல ஒரு பக்கம் நகர்ந்தான். அவனுக்குப் பின்னால் சுவரில் ஒரு பெரிய நீல நட்சத்திரம். சுவரில் சிலுவை இருக்கிறதா என்று மட்டும் தேடிய கிறகரி அதைக் கவனித்திருக்கவில்லை.

"அங்கிள், நான் வளந்தது டல்லஸ்ல. பிலடெல்பியாவுக்கு வேலைக்குத்தான் வந்தேன். நாங்க டல்லஸ் ஆளுங்க."

கட்சி மாற அரசியல்வாதிகூட ஒரு வாரம் எடுத்துக்கொள்வான். கிறகரிக்கு ஒரு மூச்சு போதுமாயிருந்தது.

"அதத்தான் தம்பி சொல்ல வந்தேன்! டல்லஸ் தற்காப்பு இருக்கே, கோட்டைச் சுவர்!"

ஜெறாட் சிரித்துவிட்டான். "பரவாயில்ல அங்கிள். ரெண்டு மெச்ச வச்சு எந்த டீமையும் எடை போட முடியாது. போன வருசம் மொதல்ல ஜெயிச்சவங்கல்லாம் கடைசியில காணாமப் போயிட்டாங்க."

"நூத்துக்கு நூறு உண்ம!" போன உயிர் திரும்பிய சந்தோசத்தில் கிறகரி கதிரைக் கையில் தட்டினார். "ரெண்டு மெச்ச வச்சு முடிவு எடுக்கிறவன் மடையன்!"

"அப்பா," என்றாள் பெற்றீசியா. தட்டு இன்னும் அவள் கையில் இருந்தது. "என்னைய ரெண்டு ஃபோன்ல குடுத்துட்டீங்களே."

பஸ்தியாம்பிள்ளைக்குத் தேத்தண்ணி புரையேறியது. இதுவும் தட்டிப்போயிற்று என்று கிறகரிக்குக் கண் இருண்டது.

ஜெறாட் நிமிர்ந்து உட்கார்ந்தான். "பெற்றீசியா, என்னைப் பிடிச்சிருக்கான்னு ஒங்ககிட்ட யாரும் கேக்கலியா?"

"இல்ல. இப்பக் கேட்ட நீங்கதான் மொத ஆள்."

"என்கிட்டயும் யாரும் கேக்கல," என்றான் அவன். "நாளு வச்சாச்சுன்னு சித்தப்பா சொன்னாரு."

பெற்றீசியா தட்டைக் கீழே வைத்தாள். அப்பாவின் கதிரையைத் தாண்டி வந்து கொம்பியூட்டருக்கு நேராக உட்கார்ந்தாள்.

"ஒங்க சீசன் எப்ப முடியும்?"

"பெப்ரவரில ஃபைனல்."

"அதுவரைக்கும் பேசிப் பாப்போம். பெப்ரவரில சொல்றேன்."

"சரி," என்றான் ஜெறாட். அவன் முகத்தில் அப்போதுதான் உண்மையான சிரிப்பு வந்தது.

மேபல் கணவரின் கையைப் பிடித்துக் குசினிக்கு அழைத்துப் போனாள். அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். பயம் இன்னும் போகவில்லை. அதோடு வெட்கமும் சேர்ந்திருந்தது. முன்னறையில் மகள் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவள் எதற்குச் சிரிப்பாள் என்பதுகூடத் தனக்குத் தெரியாது என்று அவருக்கு உறைத்தது.

"ஃபாதர்கிட்ட நத்தார் முடிஞ்சதும்னு சொல்லிட்டேனே, மேபல்."

"நீங்கதானே சொன்னீங்க," என்றாள் மேபல், அடுப்பில் கேத்தலை வைத்துக்கொண்டே. "நீங்களே போயி, ரெண்டு மெச்தான் முடிஞ்சிருக்குன்னு சொல்லிட்டு வாங்க."