ஆட்டுத் தீனி

ஒரு குழந்தையின் உடம்பில் ஏற வேண்டிய சதைக்கு நைஜர் நாட்டு மராடி தானியச் சந்தையில் நான் வைத்த விலை, படிக்கு நானூறு பிராங்க்.

அந்த வருஷம் பூப்பூக்கும் சமயத்தில் மழை கைவிட்டது. பரீரா என்ற விவசாயப் பெண் தலைச்சுமையாகக் கொண்டுவந்து என் கடையில் இறக்கிய காராமணி சுருங்கி, மிளகைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக இருந்தது. நல்ல பயறு ஆயிரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

"இது பயறா, ஆட்டுப் புழுக்கையா தங்கச்சி?" என்றேன். பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள்.

"எழுநூறு போடுங்க ஹாஜியாரே."

"ஆட்டுத் தீனிக்கு நானூறு. அதுவும் உன் முகத்துக்காக."

"அப்ப என் பிள்ளைக்கே வேகவச்சுப் போடுறேன். ரெண்டு வயசு, எலும்பும் தோலுமா இருக்கா."

"இதையா? வெறும் தோலு, வயித்தைக் கெடுக்கும். மரவள்ளி மாவு வாங்கிட்டுப் போ. வயிறு நிறையும்."

மாவும் என் கடையில்தான் இருந்தது. அவள் இறங்கிவந்தாள். பதினோரு படி அளந்தேன். பொடிமணி இடைவெளி விடாமல் அடையும், படிக்கு எடை கூடும். வாங்குகிற எனக்குத்தான் லாபம் என்று தெரிந்தேதான், படியின் விளிம்புக்கு மேல் கும்பாரம் வைத்து அளந்தேன்.

குழந்தைகளுக்குச் சத்துமாவு அரைக்கும் சலாமத்து அந்தச் சாக்கிலிருந்து ஒரு கை எடுத்துப்போய்ச் சோதிக்கக் கொடுத்திருந்தாள். ஒரு மாதம் கழித்துக் காகிதத்தோடு வந்தாள்.

"மணி சுருங்கினதுல மாவுச்சத்துதான் கொறஞ்சிருக்கு, புரதம் கூடியிருக்கு. எல்லா வறட்சியிலயும் இப்படி அமையாது. மிச்சம் இருக்கா?"

"நாலு படி."

"ஆஸ்பத்திரில பரீரான்னு ஒருத்தி, பிள்ளைக்குக் கால் வீங்கிக் கெடக்கு. மாசம் பூரா புரதமே இல்லாத வெறும் மரவள்ளி மாவு! எவனோ ஒரு அறிவாளிக் கடைக்காரன் சொன்னானாம்."

அந்த அறிவாளி சாக்கின் வாயைக் கட்டுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டான்.

நான்கு படியையும் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். குழந்தை வீக்கம் வடியத் தொடங்கி, பால் குடித்துக்கொண்டிருந்தது. பரீரா என்னைப் பார்த்ததும் முக்காட்டை இழுத்துவிட்டாள்.

"என்ன விலை?"

"விலை இல்லம்மா. உன்னோடதுதான். வீட்டுக்குப் போனதும் வேகவச்சுக் குடு."

கண்ணாலேயே அளந்து பார்த்தாள். "மீதி?"

"ஆட்டு வியாபாரிக்கு வித்துட்டேன். அதுக்குப் பதிலா நல்ல வெள்ளைப் பயறு தர்றேன்."

"என் வயல்ல வெளஞ்சது அது இல்லியே."

சிரிப்பாள், திட்டுவாள் என்று காத்திருந்தேன். குழந்தையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வாங்கியது பதினொன்று. கொடுத்தது நான்கு. பாக்கி ஏழு.