பழைய வெளிச்சம்

முப்பது வருஷமாக வடக்கு ஜன்னலடியில் உட்கார்ந்து பல்செட்டு செய்கிறவளைத் தெருவில் எல்லோரும் பல்லம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். குழாய் விளக்கின் கீழே எல்லாப் பல்லும் ஒரே வெள்ளை. பகல் வெளிச்சத்தில்தான் ஒன்று லேசாக மஞ்சள், ஒன்று சாம்பல், ஒன்று பாலின் மேலாடை என்று தன் குணத்தைக் காட்டும். அந்த ஜன்னல் போனால் தொழிலும் போச்சு.

ஜன்னலுக்கு வெளியே அண்ணனுடைய காலிமனை. மகன் குடும்பத்தோடு திரும்பி வருகிறான் என்று அண்ணன் அங்கே மாடி வீடு கட்டப் போகிறார். கொத்தனார் வந்து முளையடித்துக் கயிறு கட்டியாயிற்று. கயிறு ஜன்னலைத் தொட்டும் தொடாமலும் ஓடியது. அதைப் பற்றி அண்ணன் வாய் திறக்கவில்லை. நாலு நாளாக முகம் கொடுத்தும் பேசவில்லை.

தன் அப்பாவின் பல்செட்டை வாங்க வந்த வக்கீலம்மா கயிற்றைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். பழைய இங்கிலீஷ் சட்டத்தில் ஏன்ஷியன்ட் லைட்ஸ், அதாவது பழைய வெளிச்சம், என்று ஒரு சொல் உண்டாம். ஒரு ஜன்னலில் இருபது வருஷம் தடையில்லாமல் விழுந்த வெளிச்சம் அந்த வீட்டுக்கே பாத்தியம். பக்கத்து மனைக்காரன் மறைக்க முடியாது. நம்மூர்ச் சட்டத்திலும் அது இருக்கிறதாம். கூரைத் தண்ணீர் அடுத்தவன் மண்ணில் சொட்டுவதற்குக்கூட அந்தக் காலத்தில் உரிமை இருந்ததாம்.

பல்லுக்கு வயசு சொல்லுவேன், வெளிச்சத்துக்கும் வயசு உண்டென்று இப்போதுதான் கேட்கிறேன் என்றாள் பல்லம்மா.

"ஆனா மூணு நிபந்தனை இருக்கு," என்றாள் வக்கீலம்மா. "அடாவடியா எடுத்திருக்கக் கூடாது. ஒளிஞ்சு எடுத்திருக்கக் கூடாது. கேட்டும் வாங்கியிருக்கக் கூடாது. கேட்டு வாங்கினா அது உரிமை இல்ல, தயவு. குடுத்தவங்க எப்ப வேணா திரும்ப எடுத்துக்கலாம்."

பல்லம்மா கையிலிருந்த மெழுகைக் கீழே வைத்தாள். மனையில் ஒரு மரம் இருந்தது. வருஷா வருஷம் மழை முடிந்ததும் கிளை ஜன்னலை மூடும். அவள் தலையை நீட்டி, கொஞ்சம் வெளிச்சம் எடுத்துக்கட்டுமா அண்ணா என்பாள். எடுத்துக்கோம்மா என்று அவரே அரிவாளோடு வருவார். அண்ணன் என்றாலும் கேட்டுச் செய்வதுதான் அந்த வீட்டு வளர்ப்பு.

அவள் அதைச் சொன்னதும், கேட்டதே இல்லையென்று சொல்லிவிடுங்கள், அதற்குச் சாட்சியா இருக்கிறது என்று சொல்லிவிட்டு வக்கீலம்மா போய்விட்டாள்.

அன்று மத்தியானம் மேஜையில் தலை சாய்த்தவளுக்குக் கண் சொருகியது. வெளிச்சம் வாசலில் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. நடக்க முடியாத கிழவி மாதிரி முக்காலியைப் பிடித்து உட்கார்ந்தது. அலமாரிப் பற்களெல்லாம் லேசாகத் திறந்து கவனித்தன.

"நீ கேட்டதாலதான் நான் வந்தேனா?"

"தெரியலையே."

"கேக்காம இருந்திருந்தா?"

"அண்ணன்கிட்ட பேச வேற சாக்கு தேடியிருப்பேன்."

வெளிச்சம் சிரித்தது. விழித்தபோது அவள் கன்னத்தில் மெழுகு ஒட்டியிருந்தது.

மறுநாள் வக்கீலம்மா அண்ணனைக் கூட்டிவந்து அதே முக்காலியில் உட்காரவைத்து, சட்டத்தை ஒளிக்காமல் அவருக்கும் சொன்னாள். பிறகு கேட்டாள், இவர்கள் எப்போதாவது உங்களிடம் அனுமதி கேட்டார்களா என்று.

அண்ணன் ஜன்னலைப் பார்த்தார். கேட்டாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் சுவர் எழும்பிவிடும்.

"கேட்டதே இல்ல," என்றார், அவள் செய்து கொடுத்த பல்லை வைத்துக்கொண்டே.

"வருஷா வருஷம் கேட்டேனே அண்ணா," என்றாள் பல்லம்மா.

"இவளுக்கு வயசாயிடுச்சு. உளர்றா."

வக்கீலம்மா பேனாவை மூடினாள். அவரவர் கட்சியை அவரவர் பேசினால் தேவலை என்று முணுமுணுத்துக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டாள்.

அறையில் இருவரும் தனியாக இருந்தார்கள்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"குடுத்தேன்னா திரும்ப எடுத்துக்கலாமாமே. அப்படி ஒரு வழியே எனக்கு வேணாம்."

"கயிறு கட்டுறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீ சரின்னுடுவே. அதான் உன் மூஞ்சியவே பாக்கல."

சுவரைத் தள்ளிக் கட்டினால் பையனுக்கு அறை சின்னதாகிவிடுமே என்றாள். மாடிப்படியை அந்தப் பக்கம் தள்ளிக்கொள்ளலாம் என்றார் அவர். எழுந்து மனைக்குப் போய் முளையைப் பிடுங்க ஆட்டிப் பார்த்தார். இறுகியிருந்தது. பல்லம்மா செருப்பைக்கூட மாட்டாமல் இறங்கிப் போய் அதன் மறுபக்கத்தைப் பிடித்தாள்.