நாற்பத்தொன்றுக்கு நாற்பத்தொன்று

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என் அக்காவிடமிருந்து சுட்டது.

இருபத்திரண்டு வருஷமாக வாரப் பத்திரிகையில் மர்மத் தொடர் எழுதிப் பிழைக்கிறேன். மூன்றாவது பக்கத்தில் ஒரு பிணம் விழாவிட்டால் ஆசிரியரிடமிருந்து போன் வந்துவிடும்.* அக்கா அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் விடைத்தாள் திருத்திக்கொண்டே இதைச் சொன்னாள். திங்கட்கிழமை காலையில் ஆரம்பித்தேன்:

"டிக்... டிக்... கடிகாரம் மூன்று இருபதைத் தொட்டபோது, அவள் விரல் அந்தப் பொத்தானை நோக்கி—"

அக்கா போனில் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "டேய், எங்க வகுப்புல கடிகாரமே கிடையாது. பசி வந்தா பன்னெண்டரை, தூக்கம் வந்தா ரெண்டு."

அந்த வரியை அடித்தாயிற்று. ஆனால் பொத்தான் உண்மை. அதை விடமாட்டேன்.

(* பத்திரிகை ஆசிரியர். இந்தக் கதையில் வரும் மற்ற ஆசிரியர்களுக்குப் போன் பேசவெல்லாம் நேரம் இல்லை.)

2

அக்காவின் மூன்றாம் வகுப்பில் நாற்பத்தொரு பிள்ளைகள். அதில் ஒருத்திக்கு ரப்பர் என்று பட்டப்பெயர். எழுதுவதைவிட அழிப்பது அதிகம். எட்டு வயது. சரியான கெட்டிக்காரி: படத்தைப் பார்த்தே பாடம் முழுக்க ஒப்பித்துவிடுவாள், நடுவில் விரலை வேறு வரிவரியாக நகர்த்துவாள். படத்தை டீச்சர் கையால் மறைத்த அன்றுதான் குட்டு உடைந்தது. ரப்பருக்குப் படிக்கத் தெரியாது.

இனிமேல்தான் பொத்தான்.

ஒவ்வொரு பிள்ளையும் எப்படி வாசிக்கிறது என்று கல்வித்துறைச் செயலியில் ஏற்ற வேண்டும். அன்றுதான் கடைசி நாள். காலையிலிருந்து டீச்சர் சீருடைக்கு அளவெடுத்து, சத்துணவுக்குத் தலை எண்ணி, கழிப்பறையைப் போட்டோ எடுத்து அனுப்பி, டீச்சர் விடுப்பில் போன நாலாம் வகுப்பையும் சேர்த்து மேய்த்து முடித்திருந்தாள். சர்வர் மதியம்தான் கண் விழித்தது. நாற்பத்தொரு பெயரைத் தனித்தனியாகத் தொட நேரம் ஏது? 'அனைவருக்கும்: சரளம்' என்று ஒரே தட்டு. பிறகு ரப்பரை மட்டும் மாற்றிவிடலாம். எல்லா டீச்சரும் செய்வதுதான்.

மாற்றப் போகும்போது திரை உறைந்தது. திரும்ப உயிர் வந்தபோது பச்சை எழுத்தில் நின்றது: 'சமர்ப்பிக்கப்பட்டது.'

"விடுங்க டீச்சர்," என்றார் தலைமையாசிரியை. "திருத்தணும்னா விளக்கம் கேப்பாங்க. விளக்கத்துக்கு விளக்கம் கேப்பாங்க. எனக்கு ரிட்டயராக ஒரு வருஷம்தான் இருக்கு."

மற்ற வகுப்புகளில் வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்குத் தனிப் புத்தகம் வந்தது, வாரத்தில் இரண்டு நாள் தனி டீச்சர் வந்தார். பட்டியலில் ரப்பர் இல்லை. ஆகவே ரப்பருக்கு ஒன்றும் இல்லை.

(எனக்கு இந்த இடத்தில் ஒரு வில்லன் தேவை. தலைமையாசிரியையை வில்லியாக்கலாமா என்று கேட்டேன். "அவங்க பாவம்டா, அவங்களே ஸ்கூல் மணி அடிக்கிறாங்க," என்றாள் அக்கா.)

3

டீச்சர் தன் இன்டர்வெல்லை ரப்பருக்குக் கொடுத்தாள். தினமும் பத்து நிமிஷம், இரண்டு மாதம். படமே இல்லாத பக்கமாகத் தேடி எடுத்தாள். ஆறு வரி. ரப்பர் முதல் வரியில் ஒரு வாரம் நின்றாள். பிறகு இரண்டு, மூன்று. நாலாவதில் மாட்டிக்கொண்டாள்.

"நாளைக்குப் படிக்கிறேன் டீச்சர்."

"நாளைக்கு நாளைக்குன்னு என் தலை நரைச்சுப்போச்சுடி."

"ஏற்கெனவே நரைச்சுத்தானே டீச்சர் இருக்கு?"

அந்த ஆறு வரியை அவள் வாயிலிருந்து முழுசாகக் கேட்டுவிட வேண்டும். டீச்சருக்கு அது ஒன்றுதான் ஆசை. காய் நறுக்கும்போதும் காதுக்குள் அந்தக் குரல் மூன்று வரி ஓடி, நாலாவதில் நிற்கும்.

ஒரு திங்கட்கிழமை ரப்பரின் அம்மா வந்தாள். கட்டட வேலை. இங்கே கட்டி முடித்தாயிற்று. "வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்புறோம் டீச்சர்."

மாற்றுச் சான்றிதழோடு தேர்ச்சி அட்டையும் கணினியிலிருந்து வந்தது. அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல என்னங்க போட்டிருக்கு?"

'வாசிப்பு: சரளம்.'

"நல்லா படிக்கிறான்னு போட்டிருக்கு," என்றாள் டீச்சர்.

அந்த அம்மாவின் முகம் மலர்ந்த மலர்ச்சியில், அடுத்த வாக்கியத்தை விட்டுவிட்டு டீச்சர் சான்றிதழில் முத்திரை குத்தினாள்.

4

செவ்வாய்க்கிழமை ஆணை வந்தது. புதன், வியாழன், வெள்ளி: வாசிப்புத் திறன் மேம்பாட்டுப் பயிற்சி. காலையும் மாலையும் கையெழுத்து, நடுவில் போட்டோ. கடைசி நாள் மதியம், நூறு சதவீதம் எட்டிய ஆசிரியை ஒருவர் தன் அனுபவத்தைப் பகிர்வார்.

யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

முடிவு ஒன்று (என் கைக்குப் பழகியது): வெள்ளிக்கிழமை மதியம் டீச்சர் பயிற்சிக் கூடத்தின் பின்வாசல் வழியாக நழுவுகிறாள். ஆட்டோ. சிக்னல். பேருந்து புகை கக்கி நகர்கிறது, அவள் ஜன்னலோரம் ஓடுகிறாள், உள்ளே ஒரு குரல் நாலாவது வரியை—

முடிவு இரண்டு: மைக்கைப் பிடித்து உண்மையைப் போட்டு உடைக்கிறாள். கூடமே எழுந்து நிற்கிறது.

இரண்டையும் படித்துக் காட்டினேன். அக்கா சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள்.

"பத்து நிமிஷம் பேசினேன்டா. கை தட்டினாங்க. சால்வை போத்தினாங்க. சனிக்கிழமை லீவு. திங்கக்கிழமை போனா அவ இடத்துல வேற ஒரு பிள்ளை நகர்ந்து உக்காந்திருக்கு."

"உண்மையைச் சொல்லியிருக்கலாமே, அக்கா?"

"எதிர்ல நூத்தம்பது டீச்சருங்க. அத்தனை பேரும் தலையைக் குனிஞ்சு போன்ல டேட்டா ஏத்திட்டிருந்தாங்க. யார்கிட்ட சொல்றது?"

5

ரப்பர் எந்த ஊருக்குப் போனாள் என்று கேட்டேன்.

"அவங்கம்மாவுக்கே தெரியாது. மேஸ்திரி எங்க கூட்டிட்டுப் போறாரோ அங்க." விடைத்தாள்களை அடுக்கிக் கட்டினாள். பிறகு, "உன் பத்திரிகை எல்லா ஊருக்கும் போகுதுல்ல?" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் திருடவில்லை. என்னிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.

எனவே, இதை வாசிக்கும் டீச்சர், நடு வருஷத்தில் உங்கள் வகுப்பில் ஒரு பெண் வந்து சேர்ந்திருக்கலாம். வாயாடி. அட்டையில் 'சரளம்' என்று இருக்கும். நம்பாதீர்கள். அவளைத் திட்டவும் திட்டாதீர்கள், அது அவள் சொன்ன பொய் இல்லை. படமில்லாத பக்கம் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். நாலாவது வரியில் நிற்பாள். நாளைக்கு என்பாள். அந்த நாளைக்கு உங்களுக்குப் பயிற்சி ஏதும் வராமல் இருக்க வேண்டும்.

ஆறு வரியும் முடித்துவிட்டாளென்றால் பத்திரிகை முகவரிக்கு ஒரு கார்டு போடுங்கள். முடித்தாள் என்று ஒரு வார்த்தை போதும். கதையின் மிச்சத்தை அக்காவே எழுதிக்கொள்வாள்.