கையெழுத்துப் போடாதவள்

பனி உறையும் ரஷ்ய வடக்கில், தாஸ் ஆற்றங்கரையில் மார்ஃபா இரிகோவா மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ரிம்மா, மடியில் நோட்டுப் புத்தகத்தோடு. அந்த ஆற்றோர மக்கள் பேசும் செல்கூப் மொழிக்கு அகராதி எழுதுவதற்காகப் பதினோரு வருடமாகக் கோடைதோறும் நகரத்திலிருந்து வருகிறவள். இந்த முறை அவள் பையில் பல்கலைக்கழகத்து மொழியியல் துறைத்தலைவர் எழுதிய அறிக்கையும் இருந்தது: 'ஆற்றோர ஊர்களில் இம்மொழி பேசுவோர் எவரும் இல்லை. பணியை முடித்துக்கொள்ளலாம்.' ரிம்மாவின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

அதை அவள் செல்கூப்பில் சொல்லிக் காட்டினாள்.

"அப்ப நான் செத்துட்டேனா?" மார்ஃபாவின் கத்தி நிற்கவில்லை. "இந்த மீனை அறுக்கறது யாரு, என் ஆவியா? அந்த ஆளை இங்க வரச் சொல்லுடி. நம்ம கொசு நாலு கடி கடிச்சா பாஷை தானா வந்துடும்."

"வரமாட்டார்க்கா. படகுல ஏறினாலே தலை சுத்துமாம்."

"உனக்குச் சுத்தலையா? என் வலை மேலேயே வாந்தி எடுத்தவதானே நீ!"

இலையுதிர்காலத்தில் துறைக் கூட்டம். தலைவர் வாதிம் பிளாத்தோனவிச் பேனாவை நீட்டினார். "ரிம்மா கவ்ரீலவ்னா, எல்லாரும் போட்டாச்சு. நீங்களும் போட்டா வீட்டுக்குப் போகலாம்."

"செல்கூப்ல, கண்ணால பார்த்ததைச் சொன்னா வினைச்சொல் ஒரு மாதிரி முடியும். பார்க்காம காதால மட்டும் கேட்டதுன்னா வேற மாதிரி. இந்த அறிக்கைக்கு நீங்க எந்த விகுதி போடுவீங்க?"

"வேலை போயிடும்."

"போகட்டும்."

போயே விட்டது. ஆறு உறைவதற்கு முன் கிளம்பிய கடைசிப் படகில், சொற்சீட்டுகள் அடங்கிய பதினான்கு பெட்டிகளோடு ஏறினாள். நாற்பத்து மூன்று வயதில், துறை தந்திருந்த வீடும் இல்லை, சம்பளமும் இல்லை. தன் கோட்டைக் கழற்றிப் பெட்டிகள் மேல் போர்த்தினாள்.

மார்ஃபாவின் ஊரில் தபால் நிலைய வேலை கிடைத்தது. பிற்பகலில் நிலையத்தை மூடிவிட்டு மார்ஃபாவின் அடுப்படிக்குப் போவாள். ஒவ்வொரு சொல்லுக்கும் சண்டை. "தப்பு, கிழி" என்பாள் மார்ஃபா. ரிம்மா கிழிப்பாள்.

ஆறு வருடம் கழித்து வாதிமிடமிருந்து கடிதம் வந்தது. துறையே அகராதி வெளியிடப்போகிறதாம். சீட்டுகளை அனுப்பினால், முன்னுரையில் அவளுக்கு நன்றி சொல்வாராம்.

மார்ஃபா சொல்லச் சொல்ல, ரிம்மா இரண்டு பக்கம் பதில் எழுதினாள். முழுக்கச் செல்கூப்பில், மொழிபெயர்ப்பு இல்லாமல். சீட்டு ஒன்றுகூட வைக்கவில்லை.

"அவனுக்கு இதை யாருடி படிச்சுச் சொல்லுவா?"

"அது அவர் பாடு" என்றாள் ரிம்மா. முத்திரையை ஓங்கிக் குத்தி, உறையைத் தபால் பைக்குள் எறிந்தாள்.

பிறகு மூன்று வருடத்தில், வட்டார அச்சகத்தில் அகராதி வெளிவந்தது. முந்நூறு பிரதி. அட்டையில் மார்ஃபாவின் பெயர் மேலே, ரிம்மாவின் பெயர் கீழே. முதல் பக்கத்திலேயே ஒரு பிழையைக் கண்டுபிடித்து, தெருவே கேட்கும்படி மார்ஃபா ரிம்மாவை ஏசினாள், செல்கூப்பில்.