அப்பா வேடம்

அப்பா வேடத்தை ஷபானா கொடுத்தபோதே ரித்திக் மறுத்திருக்கலாம். குழுவிலேயே உயரமானவன், கனத்த குரல். அவனைத் தேர்ந்தெடுக்க அவளுக்கு வேறு காரணம் இல்லை. கல்லூரித் தமிழ் நாடகக் குழுவுக்காக அவளே எழுதிய நாடகம் அது. அப்பாவிடம் அடிவாங்கியே வளரும் ஒரு பையன், கடைசியில் தன் தங்கையை அடிக்கத் தானே கை ஓங்குகிறான். பையனாக நடித்தவன் அர்ஃபான்.

சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு கடைவீட்டு மாடியில் ஒத்திகை. வசனமெல்லாம் ரித்திக்குக்கு வந்துவிட்டது. அடிக்கும் இடம் மட்டும் வரவில்லை. கை தோளுக்கு மேலே எழும்பவே மறுத்தது.

“என்னடா, ஈ ஓட்டுறியா?” என்றாள் ஷபானா. எல்லாரும் சிரித்தார்கள். ரித்திக்கும் சிரித்துவைத்தான்.

பிறகு தேக்கா சந்தையில் தேநீர் குடிக்கும்போது அர்ஃபானிடம் மட்டும் சொன்னான். அப்பா அம்மாவை அடிப்பார். அவன் தொடக்கப்பள்ளியில் படிக்கும்போதே அம்மா அவரை விட்டு, அவனைக் கூட்டிக்கொண்டு புக்கிட் மேரா பக்கம் குடிவந்துவிட்டாள். இப்போது கண்ணாடியைப் பார்த்தால் அப்பாவின் அதே தாடை, அதே தோள்.

அர்ஃபான் கோப்பையைக் கீழே வைத்தான். “ரோல மாத்திக்கலாமா? நான் ஷபானாகிட்ட பேசுறேன்.”

“வேணாம். செய்யணும்னுதான் நெனைக்கிறேன். முடியல.”

“அப்ப இப்படி வச்சுக்கோ. நீ அடிக்கல, நான் விழுறேன். அவ்வளவுதான். மேடையில ஸ்டக் ஆனா என்னைப் பாரு. நான் பாத்துக்கிறேன் லா.”

சனிக்கிழமை மதியம் நாடகம். சாங்கி விமான நிலையத்தில் வேலை பார்க்கும் அம்மா லீலா, ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வந்து இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மகனுக்கு என்ன வேடம் என்று அவளுக்குத் தெரியாது. அவன் சொல்லவில்லை.

அந்த இடம் வந்தது. முதல்முறையாக ரித்திக்கின் கை முழுதாக மேலே போனது. போன கை அங்கேயே நின்றது. அம்மாவின் முகம் தெரிந்துவிட்டது. வசனமும் மறந்துபோயிற்று. அரங்கில் யாரோ இருமினார்கள்.

அவன் அர்ஃபானைப் பார்த்தான்.

நாடகத்தில் பின்வாங்க வேண்டியவன், ஓர் அடி முன்னால் வந்து முகத்தை உயர்த்தினான். “அடிங்கப்பா. நேத்து அடிச்சீங்கல்ல? இன்னைக்கி என்ன யோசிக்கிறீங்க?”

அப்படி ஒரு வசனமே கிடையாது. ஆனால் அதைக் கேட்டதும் ரித்திக்குக்கு மூச்சு வந்தது. கை இறங்கியது. அது கன்னத்தைத் தொடுமுன்பே அர்ஃபான் சுழன்று விழுந்தான். அதற்குப் பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது.

நாடகம் முடிந்ததும் அம்மா நடைவழியில் காத்திருந்தாள். ரித்திக் தயங்கித் தயங்கிப் போனான்.

“சொல்லியிருக்கணும்மா. சாரி.”

“நீ கை ஓங்குனப்ப உங்கப்பாவே நிக்கிற மாதிரி இருந்துச்சு,” என்றாள் லீலா. “அப்புறம் பாத்தேன், உன் கை நடுங்குச்சு. அந்தாளுக்கு ஒருநாளும் நடுங்கினதில்ல.”

ரித்திக் அவள் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

கன்னத்தில் காயம்போல் பூசியிருந்த ஒப்பனையை அரைகுறையாகத் துடைத்துக்கொண்டு அர்ஃபான் வந்தான். லீலா அவன் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “பட்டுடுச்சாப்பா?”

“தொடவே இல்ல ஆன்ட்டி. உங்க பையனுக்கு அடிக்கவே தெரியல.”

லீலா வாய்விட்டுச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமை குழு மொத்தமும் வீட்டுக்குச் சாப்பிட வரவேண்டும் என்றாள். அவள் ஷபானாவைத் தேடிப் போனதும் ரித்திக், “தேங்க்ஸ்டா,” என்றான். இன்னும் நிறையச் சொல்ல நினைத்தான். அந்த ஒரு வார்த்தைதான் வந்தது.

“போதும் லா,” என்றான் அர்ஃபான்.