வெள்ளிக்கிழமை அடுப்பு

மதியச் சாப்பாடு முடிந்து தெருவே கண்ணயரும் நேரத்தில்தான் ஜோவிட் கடை விரிப்பான். கடை என்றால் மாடியறையில் ஒரு கணினி, ஒரு காமிரா, முதுகு கிழிந்த ஒரு சுழல் நாற்காலி. அவன் துப்பாக்கி விளையாட்டு ஆடுவதை நேரலையில் பார்க்க, பிலிப்பைன்ஸில் அவன் ஊரான இலோய்லோவின் பையன்களும், மணிலாக்காரர்களும், வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களும் வந்து கூடுவார்கள். ஆட்டம் ஒரு சாக்குதான். அவர்கள் வந்தது அவன் வாயைக் கேட்க.

"ஸ்பகெட்டி இனிக்கணும்டா. இனிக்காத ஸ்பகெட்டி, பொறந்தநாளுக்கு வெறுங்கையோட வர்ற சித்தப்பா மாதிரி. எதுக்கு வந்தாருன்னே தெரியாது" என்றான் அன்று. அடுத்து சீரியலுக்குத் தாவினான். "அந்தக் கதாநாயகி ஏன் புருஷனை மன்னிச்சுக்கிட்டே இருக்கா? ஏழெழுபது தடவைன்னு இயேசு சொன்னாரு, சரி. இவ அதையும் தாண்டிட்டாளே!"

திரையோரத்தில் சிரிப்பு முகங்கள் குமிழியிட்டன. அந்த உற்சாகத்தில் இருந்தபோதுதான் சன்னல் வழியே புகை வந்தது. எதிரே, தெருவே 'மனாங்', அதாவது அக்கா, என்று அழைக்கும் பெர்லிட்டாவின் சுட்டகறிக் கடை. ஜோவிட் காமிராவைக் கழற்றி வெளியே திருப்பினான்.

"பாருங்க மக்களே! தவக்கால வெள்ளிக்கிழமை, கறி தொடக்கூடாத நாளு, மீனு மட்டும்தான் ஆகும். நம்ம மனாங் பன்னிக்கறி சுடுறாங்க! கடையில சிலுவை வேற தொங்குது. நரகத்துல இவங்களுக்குன்னே தனி அடுப்பு மூட்டி வச்சிருப்பாங்க. யாராச்சும் வந்து கொஞ்சம் ஞானோபதேசம் சொல்லிக் குடுங்கப்பா!"

சொன்னதோடு அதை மறந்து ஆட்டத்துக்குத் திரும்பினான். கிறிஸ்துமஸுக்குப் பிறகு கோவில் வாசலையே மிதிக்காதவன் அவன். பாவம், நரகம் எல்லாம் ஸ்பகெட்டி மாதிரிதான் அவனுக்கு. பேச ஒரு பொருள்.

கொஞ்ச நேரத்தில் திரையோரத்தில் ஒருவன் எழுதினான்: 'இடம் இலோய்லோல மோலோ ஏரியாதானே? ஊராட்சி அலுவலகப் பலகை தெரிஞ்சுது.' இன்னொருவன்: 'நான் பக்கத்துலதான் இருக்கேன் பாஸ்.' பிறகு: 'கெளம்பிட்டோம்.'

ஜோவிட் சிரித்தான். அடுத்த வரியைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. 'கெழவிக்கு இன்னிக்குப் பாடம் நடத்திருவோம்.'

"டேய், சும்மா சொன்னேன்டா. யாரும் வராதீங்க."

சிரிப்பு முகங்கள் கொட்டின. 'பாஸ் நடிப்பு சூப்பர்!'

"நெசமாத்தான் சொல்றேன். வேணாம்!"

அதற்கும் சிரித்தார்கள். வரச் சொன்னபோது அவன் குரலுக்கு இருந்த பலம், வராதே என்னும்போது எங்கே போயிற்று? 'வந்துட்டோம்' என்று ஒரு வரி விழுந்தது. அதே நொடியில் கீழே மோட்டார் சைக்கிள்கள் உறுமின.

சன்னலில் எட்டிப் பார்த்தான். தலைக்கவசம் கழற்றாத ஆட்கள் கடையைச் சூழ்ந்து நின்றார்கள். ஒருவன் கையில் கைபேசியை உயர்த்திப் பிடித்திருந்தான். பெர்லிட்டா விசிறி மட்டையைப் பிடித்தபடி பின்னால் ஒதுங்கினாள். அவளுக்குப் பின்னே நாற்காலியில் அவள் கணவன் அம்போ. பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோன மனிதர். தூக்கிவிட ஆள் இல்லாமல் எழ முடியாது.

"தவக்காலத்துல பன்னி சுடுறியா கெழவி? கர்த்தர் மேல பயமில்லையா?" என்று கேட்டு ஒருவன் அடுப்பை எட்டி உதைத்தான். கங்குகள் சிதறின. சில உருண்டு, தரைவரை தொங்கிய நெகிழித் தார்ப்பாயின் விளிம்பில் போய் ஒட்டிக்கொண்டன. தார்ப்பாய் சுருங்கி, கறுத்து, பற்றிக்கொண்டது. அம்போ ஓசையின்றி வாயைத் திறந்து திறந்து மூடினார்.

ஜோவிட் எப்படிப் படியிறங்கினான் என்று அவனுக்கே தெரியாது.

"பாஸ்!" என்று ஒருவன் ஓடிவந்து கட்டிக்கொண்டான். அந்த முகத்தில் கோபமே இல்லை, அன்பு பொங்கியது. ஜோவிட் நடுங்கியது அதைக் கண்டுதான். "நீங்க சொன்னீங்க, செஞ்சிட்டோம்! காமிராவைப் பாத்து ஒரு வார்த்தை பேசுங்க."

அவன் தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டு, பாத்திரம் கழுவும் வாளியைத் தூக்கித் தார்ப்பாயில் வீசினான் ஜோவிட். போதவில்லை. பெர்லிட்டா வெறுங்கையால் தார்ப்பாயைப் பிடித்து இழுத்தாள். அவன் அம்போவை நாற்காலியோடு சேர்த்துத் தெருவுக்கு இழுத்துவந்தான். அப்போதுதான் தரையில் கிடந்ததைப் பார்த்தான். வாழையிலையில் சுற்றிச் சுட்ட மீன்.

"மீன்டா இது! பன்னி இல்ல, மீன்! நான் சரியாப் பாக்காம உளறிட்டேன்!" என்று கத்தினான்.

கூட்டம் தரையைப் பார்த்தது. கட்டிக்கொண்டவனின் முகம் மாறியது.

"அப்ப எங்கள முட்டாளாக்கினியா?" அவன் ஜோவிட்டின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். "உன் பேச்சை நம்பித்தானே வந்தோம்?" ஓர் அறை விழுந்தது. உதடு கிழிந்தது. கைபேசிக்காரன் இப்போது ஜோவிட்டைப் படம் பிடித்தான், பிறகு மெதுவாக மாடிச் சன்னலை. "வீடு எதுன்னு எல்லாரும் பாத்துக்கங்க மக்களே." குரலும் இழுப்பும் அப்படியே ஜோவிட்டுடையவை.

அக்கம்பக்கத்தார் கதவு திறந்து வெளியே வரவும் வண்டிகள் கிளம்பின. "மறுபடி வருவோம்" என்று சொல்லிக்கொண்டேதான் போனார்கள்.

அக்கம்பக்கத்தார் தண்ணீர் ஊற்றித் தீயை அணைத்தபின் பார்த்தால், பெர்லிட்டாவின் உள்ளங்கைகள் கொப்பளித்திருந்தன. யாரோ குளிர்ந்த நீரைப் பாத்திரத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். ஜோவிட் அவள் முன் குந்தினான். தெருமுனையில் எந்த வண்டி திரும்பினாலும் அவன் உடல் தூக்கிப்போட்டது.

"மனாங், மன்னிச்சிருங்க. நெசமாவே கறின்னுதான் நெனச்சேன். மீனுன்னு தெரியாமப் போச்சு."

நீரில் கையை அமிழ்த்தியபடி அவள் அவனைப் பார்த்தாள். "மீனுன்னு சொல்லி என்னைக் காப்பாத்திட்டதா நெனைக்கிறியா தம்பி? அது கறியாவே இருந்திருந்தா? அப்ப எம்மனுஷனைக் கொளுத்தலாமா?"

அவன் தெருவில் சிதறிக் கிடந்த கங்குகளைப் பார்த்தான்.

"பாவம் எது, நரகம் யாருக்குங்கறதெல்லாம் ஆண்டவர் பாத்துக்குவாரு. அந்த வேலையை அவரு உங்கிட்ட குடுக்கல." வலியில் அவள் மூச்சு இழுத்தது. "நீ மாடியில உக்காந்து வெளையாட்டாப் பேசுற. கேக்குறவன் நெருப்பைக் கையில எடுத்துக்கிட்டு வர்றான். பேசிட்டா முடிஞ்சுதுன்னு நெனைக்காதே. ஆயிரம் பேரு காதுல விழுற வார்த்தையைப் பேச்சுன்னு சொல்லாதே, அது ஏவல்."

ஜோவிட் தலையசைத்தான். அம்போவின் கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு, இன்னும் ஓடிக்கொண்டிருந்த நேரலையை நிறுத்த மாடியேறினான்.